வருஷம் திரும்பும் முன் ஒரு பாறை

அக்டோபர் 26, ஞாயிறு. குளுவாங்.

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. விரலுக்குப் பயிற்சி செய்யக் கதவு நிலைக்கு மேல் அடித்து வைத்திருக்கும் பலகையில் அம்மா மூன்று பாவாடையைக் காயப்போட்டிருந்தாள். எடுத்து எறிந்துவிட்டுத் தொங்கினேன். பலகை ஈரம். வழுக்கியது.

"துணி காயற எடத்துல என்னடி தொங்கற?"

பலகை வாங்கியதே தொங்கத்தான். எத்தனை தடவை சொல்வது.

மதியம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. ஓமானில் யார் இருக்கிறார்கள், எதற்குப் போகிறீர்கள் என்று விசாரணை. யாரும் இல்லை ஆன்ட்டி, பாறை இருக்கிறது என்றேன். மறுபடி முதலிலிருந்து விளக்கம்: பாலைவனத்துக்கு நடுவில் சுண்ணாம்புப் பாறைச் சுவர். தார்ச்சாலை முடிந்த பிறகும் வண்டியில் பாதி நாள். போன் எடுக்காது. கடை கிடையாது. பாறையில் யாரோ ஏற்கெனவே துளை போட்டு போல்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒருத்தி கயிற்றை அதில் மாட்டிக்கொண்டே ஏறுவாள், இன்னொருத்தி கீழே நின்று கயிற்றைப் பிடிப்பாள். அவள் இறங்கியதும் இவள் ஏறுவாள். தனியாக விளையாட முடியாது. எனக்கு ஜோடி சாந்தி அண்ணி.

ஆன்ட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க கோயில் இருக்கா?" என்றார்.

ரவி அண்ணன் இறந்து, அண்ணி தனியாகி, நவம்பர் 20-உடன் ஒரு வருஷம். அதுவரை மலை ஏறக்கூடாது, தீபாவளி கிடையாது, வீட்டில் பலகாரம் சுடக்கூடாது. சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வருஷம் முடிந்த பிறகு பார்த்துத்தான் டிக்கெட் போட்டேன். டிசம்பர் 3 போய் 14 திரும்பி வருகிறோம். எல்லோர் வாயையும் அடைக்கிற தேதி.

போன திங்கள் தீபாவளி. விளக்கில்லாத எங்கள் வீட்டுக்கு முறுக்கு கொண்டுவந்தவர்களில் இருவர், அடுப்படியில் நான் நிற்பது தெரியாமல்:

"புருஷன் போயி வருஷம் திரும்பல, இவ பல்லி மாதிரி சுவத்துல ஏறிட்டு இருக்கா லா."

"நாத்தனாதான் கெடுக்கறது. அது கல்யாணம் ஆவாத கேஸ்."

ஆவாத கேஸ் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தது. சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

உண்மை என்னவென்றால் என்னைக் கெடுத்தது அண்ணி. அவர் வேலை பார்க்கும் சிங்கப்பூர் ஆபீஸில் ஒரு தடவை எல்லோரையும் ஏறுசுவர் ஜிம்முக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணி மறுவாரம் எல்லைக்கு இந்தப் பக்கம் ஜே.பி.யில் ஒரு ஜிம்மைக் கண்டுபிடித்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ரவி அண்ணன் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பான். "குரங்குங்களா, முடிஞ்சுதா?" அவன் போன பிறகு அண்ணி மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு சனிக்கிழமை தானாகவே காரை எடுத்து ஹார்ன் அடித்தார். ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் இந்த ஓமான்.

அக்டோபர் 29, புதன்.

செம்பனை எண்ணெய் மில் லேபில் பகல் முழுக்க எண்ணெய் சாம்பிள் சோதனை. உடம்பெல்லாம் செம்பனை வாடை. குளித்தும் போகவில்லை.

ஓமான் டிரைவர் சாலிமிடமிருந்து மெசேஜ். எத்தனை ஆண்கள் வருகிறீர்கள்? ஒருவரும் இல்லை, இரண்டு பெண்கள் என்று எழுதினேன். நாள் முழுக்கச் சத்தமில்லை. ஆள் ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பதில்: பரவாயில்லை, என் மனைவியையும் அழைத்து வருகிறேன், அவள் சமைக்க மாட்டாள், ஆனால் நன்றாகப் பேசுவாள்.

அண்ணிக்கு ஒரே சிரிப்பு. "இந்த ஆள நம்பலாம்."

பாறை வடக்குப் பார்த்தது. நாள் முழுக்க நிழல். இரவில் குளிருமாம். பாலைவனத்தில் குளிர் என்றால் அம்மா நம்பவில்லை.

எடுக்க வேண்டியவை (முடியவில்லை):
கயிறு, எழுபது மீட்டர். நுனியில் முடிச்சு போடாமல் யாரும் ஏறக்கூடாது, நானே ஆனாலும்.
கொக்கிகள். நம்முடையது போதாது, ஜிம் நண்பர் அ செங்கிடம் இரவல்.
தலைக்கவசம் 2
விரலுக்கு டேப். சுண்ணாம்புப் பாறை பிளேடு.
நெத்திலி போட்ட சம்பால் பிலிஸ். மைலோ. மேகி.
மண் தோண்டச் சின்ன மண்வெட்டி (அங்கே கழிவறை கிடையாது. எதற்கென்று அம்மாவிடம் சொல்லவில்லை)
சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செய்தி அனுப்பும் கருவி. வாடகைக்கு.
கை முழுக்க மூடும் சட்டை.

நவம்பர் 1, சனி.

ஜிம். அண்ணி இன்று மஞ்சள் பிடிகள் போட்ட கடினமான வழியை ஒரு தடவைகூடக் கயிற்றில் தொங்கி ஓய்வெடுக்காமல் முடித்தார். நான் பாதியில் விழுந்தேன். சந்தோஷமாகத்தான் வீடு வந்தோம்.

வந்தால் அம்மா நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கிழிக்கிற நாட்காட்டி. டிசம்பர் வரைக்கும் புரட்டியாயிற்று.

"ரவி போனது கார்த்திக மாசம், தேய்பிற பஞ்சமி. இந்த வருஷம் அது எப்ப வருது பாத்தியா?"

பார்க்கவில்லை. டிசம்பர் 9.

நவம்பர் 20 என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது இறப்புச் சான்றிதழ் தேதி. திதிக்கு அந்தத் தேதி தெரியாது. அது நிலாவைப் பார்த்து நடக்கிறது. போன வருஷம் இருபதில் இருந்த பஞ்சமி இந்த வருஷம் நகர்ந்து டிசம்பர் ஒன்பதில் போய் உட்கார்ந்திருக்கிறது. திதி கொடுத்தால்தான் வருஷம் முடிந்த கணக்கு. அன்றைக்கு நானும் அண்ணியும் பாலைவனத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்போம்.

"வெள்ளக்காரன் தேதி பாத்து வருஷம் முடிக்கிறியே, ஒன்ன என்னடி சொல்றது?"

படித்தவள், லேபில் வேலை, தசம புள்ளி பிசகாமல் எழுதுகிறவள். இதைப் பார்க்கவில்லை. தமிழ் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற தப்பா இது? தலையில் அடித்துக்கொண்டேன்.

டிக்கெட்டைத் தள்ள வழியில்லை. டிசம்பர் நடுவுக்குப் பிறகு அண்ணி ஆபீஸில் லீவு கிடையாது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். தையில் பெரியப்பா மகன் குமரன் கல்யாணம். அதற்குப் பிறகு ஓமானில் வெயில். பாறையைத் தொட முடியாது. இப்போது இல்லையென்றால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் என்று சொன்ன எதை நாங்கள் செய்திருக்கிறோம்?

அண்ணி காலணியைக் கழற்றி, உள்ளே பேப்பரைத் திணித்து, வெளியே வைத்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். அதற்குள் பெரியப்பாவிடமிருந்து போன். யார் சொன்னார்களோ.

நவம்பர் 5, புதன்.

மில்லில் அரைநாள் லீவு போட்டுச் சிகாமட் போனேன், பெ.பா. வீட்டுக்கு (பெரியப்பா, முழுசாக எழுதினால் மை வீண்). ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அவர் வீட்டில் சோபாவை எல்லாம் செங்கல் வைத்துத் தூக்கியிருந்தார்கள். பேசும்போது காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டியிருந்தது.

அவரிடம் ஏன் போக வேண்டும்? அண்ணனுக்கு மகன் இல்லை, மகள்தான். யாழினி, பினாங்கில் படிக்கிறாள். அதனால் கொள்ளி வைத்தது குமரன், திதி கொடுக்கப்போவதும் குமரன். குமரன் என்றால் பெ.பா. தேதி அவர் கையில்.

"வருஷம் திரும்பாம ஒரு பொம்பள மலை ஏறலாமா? அதுவும் தாலி அறுத்தவ."

அந்த வார்த்தைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன்.

"தாத்தா செத்தப்ப ஒங்க வீட்டு அக்கா கல்யாணத்துக்காகத் தலைத்திவசத்த பத்தாம் மாசமே குடுத்தீங்களே பெரியப்பா. அப்ப மட்டும் திதி நகருமா?"

"அது சுப காரியம்."

"இதுவும் சுபம்தான். அண்ணி ஒரு வருஷத்துல மொத தடவையா ஒண்ணு கேக்கறாங்க."

பெரியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெ.பா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். ஆற்றைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். நான் விடவில்லை. போன வாரம் குமரன் நிச்சயதார்த்தத்தில் அண்ணியைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னது யார் என்று கேட்டேன்.

கடைசியில்: "சரி. முன்னாடியே குடுத்துருவோம். போவட்டும். ஆனா ஒண்ணு. அவ பாறையில கால் வைக்கக்கூடாது. நீ ஏறு, ஒன்ன யாரு கேக்கப் போறா? அவ கீழ நின்னு கயிறு புடிக்கட்டும். கயிறு புடிக்கிறது ஏறுறது ஆவாது."

சரி என்றேன். உடனே சரி என்றேன். கீழே இறங்கும்போது படிக்கட்டிலேயே குதிக்கலாம் போல இருந்தது. ஜெயித்தாயிற்று. பாலைவனத்துக்கு பெ.பா. வந்து எட்டிப் பார்க்கப்போகிறாரா? அண்ணியிடம் இன்று போனில் பாதிதான் சொன்னேன். தேதி மாற்றியாயிற்று என்று மட்டும். மீதி நேரில்.

நவம்பர் 9, ஞாயிறு.

பத்துமலை. முன்பக்கம் இல்லை, பின்பக்கம். முன்பக்கம் கோயில் படியில் கால் வைத்தால் தீட்டு. அதே மலைக்குப் பின்னால் போல்ட் அடித்த பாறையில் ஏறலாமா என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தேன்.

அண்ணனுக்குப் பிறகு அண்ணி நிஜப் பாறையைத் தொடுவது இதுதான் முதல் தடவை. ஜிம் வேறு, இது வேறு. கொசு, பாசி, மேலேயிருந்து சொட்டும் தண்ணீர். அண்ணி இடுப்புப் பட்டையில் முடிச்சு போட்டார். நான் சரிபார்த்தேன். அப்போது போய்ச் சொன்னேன், பெ.பா. போட்ட நிபந்தனையை, வேடிக்கைக் கதை மாதிரி.

அண்ணி சிரிக்கவில்லை. "நீ என்ன சொன்ன?"

"சரின்னேன். சும்மா லா அண்ணி. அங்க வந்து யாரு பாக்கப் போறா?"

"அப்ப ஒளிஞ்சு ஏறச் சொல்ற."

"இல்ல அண்ணி..."

"பூ வைக்காதன்னாங்க, வைக்கல. பின்னால உக்காருன்னாங்க, உக்காந்தேன். இப்ப கீழ நில்லுங்கறாங்க, நீயும் சரின்னுட்டு வந்துட்ட. கீழ நிக்கிறதுக்கு நான் எதுக்கு, மாலா, பாலைவனம் போவணும்? இங்கயே நின்னுக்கிறேனே!"

பக்கத்துப் பாறையில் இருந்த சீனப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி கையில் வெள்ளைப் பொடி தடவிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். கோபத்தில் ஏறக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆறாவது போல்ட்டுக்கு மேலே கால் வழுக்கியது. கத்தக்கூட இல்லை. நேராகக் கீழே வந்தார். கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கிப் பாறையில் மோத வைத்தது. தோள் இன்னும் வலிக்கிறது. விடவில்லை. அண்ணி நடுவானில் ஆடிக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே ரத்தம்.

"அண்ணி, எறக்கவா?"

"எறக்காத."

மறுபடி ஏறினார். மெதுவாக. உச்சியில் இருக்கும் சங்கிலியில் கயிற்றை மாட்டினார். மேலேயிருந்து ஒரு சத்தம் போட்டார், வார்த்தை இல்லை, சத்தம்தான். ஒரு வருஷமாக உள்ளே வைத்திருந்த சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கயிற்றில் இருந்த கையை எடுத்துத் துடைக்க முடியாது.

திரும்பும் வழியில் சிரம்பான் தாண்டும்வரை அண்ணி முழங்கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கும் கோபம். யாருக்காகப் போய் அந்தச் சோபாவில் உட்கார்ந்தேன்? அவருக்காகத்தானே? அப்புறம் அண்ணியே பேசினார்.

"நீ நல்லாத்தான் பேசியிருக்க. ஆனா எனக்காகப் பேசாத. எனக்கு வாய் இருக்கு."

இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். பெ.பா. ஒரு பக்கம் இழுத்தார், நான் இன்னொரு பக்கம் இழுத்தேன். இருவருமே அவரைக் கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்.

அம்மா காயத்தைப் பார்த்துவிட்டாள்.

"எங்க போனீங்க?"

"பத்துமலை."

"ஐயையோ! வருஷம் திரும்பல..."

"பின்னாலம்மா. முன்னால போவல."

"பின்னால சாமி இல்லையா? அது முதுகக் காட்டிட்டா ஒக்காந்திருக்கு?"

நான் சிரித்துவிட்டேன். அது தப்பாகப் போய்விட்டது. அம்மா காயத்துக்குத் தடவும் காமாட் எண்ணெய்ப் பாட்டிலைத் தரையில் ஓங்கி வைத்தாள்.

"சாமி கோச்சுக்கும்னா நான் பயப்படறேன்? எடுக்கறத எடுத்துருச்சு, இனி அதுகிட்ட எனக்கு என்ன பயம்? எனக்கு இருக்கறது நீங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் ஒரே கயித்துல தொங்கறீங்க. அறுந்தா?"

கயிறு அறாது, இரண்டு காரைக் கட்டித் தூக்கலாம் என்றேன்.

"ரவிக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னுதான் டாக்டருங்க சொன்னாங்க."

அண்ணி காலை நீட்டினார். அம்மாவே எண்ணெய் தடவினாள், அழுத்தி, வலிக்கும்படியாகவே.

ஒரு வருஷமாகத் தீட்டு, சாஸ்திரம், நாலு பேர் என்று அம்மா பேசிக்கொண்டிருந்தது இதைத்தான். முன்னமே சொல்லியிருந்தால் இத்தனை சண்டை போட்டிருக்க மாட்டேன். போட்டிருப்பேன், வேறு மாதிரி.

நவம்பர் 13, வியாழன்.

மழை. மில்லில் மின்சாரம் இரண்டு தடவை போனது.

அண்ணி இன்று பண்டாரத்துக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். கருமாதி செய்துவைத்த அதே பண்டாரம். பின்னால் ஆடு கத்துகிறது, அவர் ஏதோ தோட்டத்தில் நிற்கிறார்.

"ஐயா, ஆம்பளப் புள்ள இல்லன்னா திதி யாரு குடுக்கலாம்?"

"பங்காளி குடுப்பாங்க."

"பங்காளி வேணாம்னா?"

ஆடு கத்தியது. பண்டாரம் யோசித்தார்.

"சம்சாரம் குடுக்கலாம்மா. யாரு கூடாதுன்னது? கேக்க மாட்டாங்க, அதனால நாங்க சொல்றதில்ல."

"தேதிய முன்னாடி வைக்கலாமா?"

"தாராளமா. அமாவாசைல குடுத்துருங்க. வர்ற வியாழன் அமாவாசை. ஆத்துல தண்ணி எல்லாம் கண்டபடி போவுது, மெர்சிங் கடல்ல வச்சுக்கலாம்."

அவ்வளவுதான். பத்து நாளாக வீட்டில் ஓடிய யுத்தம், ஒரு போனில்.

அடுத்து பெ.பா.வுக்கு. ஸ்பீக்கர் வேண்டாம் என்று அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அம்மாவும் நானும் கதவில் காதை வைத்தோம். இதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

"மாமா, குமரன் தம்பிக்கு சிரமம் வேணாம். நானே குடுக்கறேன்... இல்ல மாமா, கேக்கல, சொல்றேன்... அதுவும் சொல்லிடறேன், அங்க போயி நான் ஏறுவேன். மாலா சரின்னது அவ வாய். என் வாய் இல்ல."

பிறகு நீண்ட நேரம் பெ.பா. பேசிக்கொண்டிருந்திருப்பார். கடைசியில் அண்ணி, "சரி மாமா, கல்யாணத்துக்குக் கூப்புடாட்டி பரவால்ல. சாப்பாடு நல்லாருக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா, தெரியவில்லை. அடேயப்பா, அலமாக், இந்த அண்ணியை ஒரு வருஷம் எங்கே வைத்திருந்தோம்?

நவம்பர் 16, ஞாயிறு.

பைகளை நிரப்பி எடை பார்த்தோம். சம்பால் அதிகம். அண்ணி ஒரு பாட்டிலை வெளியே எடுத்தார். நான் உள்ளே வைத்தேன். அவர் எடுத்தார்.

குடும்ப வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு ஜோசியர் பேசுகிற வீடியோ. விதவைகள் உயரமான இடத்துக்குப் போனால் குலத்துக்கு ஆகாதாம். யாருக்கென்று பெயர் போடவில்லை. கட்டைவிரல் மட்டும் வரிசையாக விழுகிறது. நானும் ஒரு படம் போட்டேன், அந்தச் சீனப் பையன்களில் ஒருவன் எடுத்துத் தந்தது: அண்ணி பத்துமலைப் பாறையில், காலில் ரத்தத்தோடு. எழுத்து ஒன்றும் போடவில்லை. ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை. யாழினி மட்டும் பத்து இதயம்.

போடும் முன் அண்ணியிடம் கேட்டேன். கேட்டுத்தான் போட்டேன்.

யாழினிக்கு வியாழன் பரீட்சை, மெர்சிங் வர முடியாது. போனில் அழுதாள். அப்புறம், "அம்மா, நீங்க குடுங்க. அப்பாவுக்கு நீங்க குடுத்தாதான் வயிறு ரொம்பும்" என்றாள்.

மதியம் கூடத்தில் அம்மா தனியாக இடுப்புப் பட்டையைக் கையில் வைத்துத் தையலை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டு, துணி எடுக்கப் போவது போல் போனாள். மழை பெய்கிறது, எந்தத் துணி?

சாலிம்: மலையில் தண்ணீர்க் குட்டை இருக்கிறது, இந்த வருஷம் வற்றவில்லை. என் மனைவி உங்கள் இரண்டு பேர் பெயரையும் கேட்கிறாள். அனுப்பினேன்.

நவம்பர் 20, வியாழன். மெர்சிங்.

காற்று. படகுத்துறையில் தீவுக்குப் போகும் படகு ஒன்றும் ஓடவில்லை. கடல் சாம்பல் நிறம். கரையில் நாங்கள் மூவர், பண்டாரம், அவருடைய குடை. குடை முதலிலேயே மடங்கிப்போனது.

பெ.பா. வரவில்லை. குமரன் மட்டும் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்து தூரத்தில் நின்றான். அப்பாவுக்குத் தெரியாதாம். கிட்டே வரச் சொன்னேன், "இல்லக்கா, பாத்துட்டுப் போறேன்" என்றான்.

ஈர மணலில் வாழை இலை விரித்தால் பறக்கிறது. நான்கு மூலைக்கும் நானும் அம்மாவும் கல் வைத்தோம். அண்ணி உட்கார்ந்தார். எள், சோறு, தண்ணீர். பண்டாரம் சொல்லச் சொல்ல, அண்ணன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், எல்லாம் அண்ணி வாயால். கரையில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்க் குடும்பம் சாப்பாட்டை மூடிவிட்டு எங்களுக்காகத் தள்ளிப்போய் உட்கார்ந்தது.

பிண்டத்தை எடுத்துக்கொண்டு அண்ணி கடலுக்குள் நடந்தார். இடுப்பளவு. அலை தள்ளியது. நான் பின்னால் போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிண்டம் போன பிறகும் அண்ணி நின்றுகொண்டே இருந்தார். "போயிட்டு வரேங்க" என்றார். என்னிடம் இல்லை.

கரை ஏறியதும் இருவரும் அழுதோம், மூக்கு ஒழுக, நன்றாகவே. குமரன் போய்விட்டிருந்தான்.

பண்டாரத்தை அனுப்பிவிட்டுக் காரில் உட்கார்ந்தோம். மூவரும் ஈரம். ஹீட்டர் கிடையாது, ஏர்கோன் மட்டும். அம்மா பின்சீட்டில், மடியில் மீதி எள்ளுப் பொட்டலம். போன் அடித்தது. பெ.பா. நான் எடுக்கப் போனேன். அண்ணி கையை நீட்டினார். அதற்குள் அம்மா இருவருக்கும் நடுவில் கையை விட்டுப் போனை எடுத்துக்கொண்டாள்.

"ஆங், சொல்லுங்க... ஆயிருச்சு, நல்லா குடுத்தா... அதான் சாந்திதான் குடுத்தா... ம்... ம்... இல்ல. கீழ நிக்க மாட்டா. ஏறுவா... ஆமா, நான்தான் சொன்னேன். பொறவு பேசறேன், கை ஈரமா இருக்கு."

வைத்துவிட்டாள். கார் அப்படியே நிற்கிறது. நான் சாவியைத் திருப்பவில்லை. அண்ணி திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"என்ன பாக்கற? சொல்லிட்டேன் இல்ல. ஏறுனா உச்சி வரைக்கும் ஏறு. பாதியில எறங்கி வந்து என்ன அந்த ஆளுகிட்ட பேச்சு வாங்க வைக்காத."